ரெண்டு சாவிக் கார்

அங்கன வெயில்ல நின்னு என்ன செய்யப் போறீங்க தம்பி? இப்படி வராண்டாவுல வந்து உக்காருங்க. ஒரு மணி நேரம் யாரும் தொடக்கூடாது, கார் தூங்கணும், அப்பத்தான் கரண்டு எங்க போகுதுன்னு மீட்டர் சொல்லும்னு நீங்கதான சொன்னீங்க? தூங்கட்டும். இந்த வீட்ல நான் நிம்மதியாக் கண்ணை மூடி எத்தனை மாசமாச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. காருக்குத் தூக்கம் வருதான்னு பாக்க மட்டும் வயரு மாட்டி மெஷின் வச்சிருக்கு. என்ன செய்ய, என் தலையெழுத்து.

மோர் தரட்டா? தாரேன், இருங்க. மேல் வீட்ல என் ஓரகத்தி இருக்கா, அவகிட்ட இருந்து காப்பி வந்தா மட்டும் வாங்கிராதீங்க. போன தடவை வந்தவன் அவ குடுத்த காப்பியைக் குடிச்சிட்டு, மேல இருக்க அக்கா ரொம்பத் தங்கமானவுகன்னு என்கிட்டயே சொல்லிட்டுப் போறான். தங்கமாம். உரசிப் பாத்தவளுக்குத்தான் தெரியும்.

இன்னைக்கு எப்படியும் இந்தக் கார் கிளம்பியாகணும் தம்பி. வெளையாட்டு இல்ல. உள்ள படுத்திருக்காகல்ல, எங்க மாமியார், அவுகளுக்கு நாளைக்குக் காலையில மதுரையில ஸ்டென்ட் வைக்காங்க. சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேத்தாகணும். ஆக்டிங் டிரைவர் வரச் சொல்லியாச்சு. பையைக் கட்டி வச்சாச்சு. போன தடவை மாதிரி ஆச்சுன்னா அத்தை தாங்க மாட்டாக. டாக்டரே சொல்லிட்டாரு, இனி ஒரு தடவை தாமசமாச்சுன்னா எங்க கையில இல்லைன்னு.

போன தடவை என்னன்னு கேக்கீங்களா? சொல்லுதேன். வாயைக் கிளறிட்டீங்க, கேட்டுட்டுத்தான் போகணும்.

இந்தக் கார் அத்தை வாங்கினது. பைபாஸ் பக்கம் அவுக அம்மா வழியில வந்த புஞ்சை ஒரு துண்டு கிடந்துச்சு. அதை வித்து வாங்கினாக. எனக்கு வயசாச்சு, பஸ்ல ஏற முடியல, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போக ஒரு வண்டி வேணும், மிச்ச நேரம் பிள்ளைக ரெண்டு பேரும் வச்சுக்கிடட்டும்னாக. பிள்ளைக ரெண்டு பேரு. மூத்தவுக எங்க அத்தான், மேல் வீட்ல இருக்காக, பஜார்ல கடலைமிட்டாய் கடை. இளையவுக எங்க வீட்டுக்காரரு, தூத்துக்குடியில உப்புக் கம்பெனியில கணக்குப் பாக்காக, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவாக. வீட்டைப் பிரிச்சாச்சு, அவுகளுக்கு மேல, எங்களுக்குக் கீழ. மோட்டார் பிரிச்சாச்சு. தென்னை மரத்தைக்கூடப் பிரிச்சாச்சு. காரை எப்படிப் பிரிக்க?

அத்தை பிரிச்சாக. ஷோரூம்ல காரோட ரெண்டு சாவி குடுப்பாங்கல்ல? அந்த மேஜையிலயே ஒண்ணை எடுத்து அத்தான் கையில குடுத்தாக, இன்னொண்ணை இவுக கையில குடுத்தாக. ரெண்டு பிள்ளை, ரெண்டு சாவி, இனி சண்டைக்கு இடமில்லைன்னாக. அந்த மேனேஜர் பய கைதட்டுதான். அவனுக்கென்ன, அவன் வித்துட்டான்.

சண்டைக்கு இடமில்லையாம்! வாங்கி ஒரு மாசம் ஆகல. ஒரு ஞாயித்துக்கிழமை நானும் இவுகளும் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வாரோம், காரைக் காணோம். எங்கன்னு பாத்தா எட்டயபுரம். அவ தங்கச்சிக்கு வளைகாப்பு. அவ அப்பா வீட்டுச் சனம் பூராவும் அதுல ஏறி இறங்கியிருக்கு. பின் சீட்ல மல்லியப்பூவும் புளியோதரையும் கிடக்கு தம்பி! என் கையால நான் கூட்டி அள்ளினேன். ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டா குடுக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்? குடுத்திருக்க மாட்டேன், அது வேற. ஆனா கேக்கணும்ல?

அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனி ஏமாறக்கூடாதுன்னு. உள்ள கிலோமீட்டர் நம்பர் வருமுல்ல, அதை மனசுல போட்டு வச்சுக்கிட்டேன். என் கல்யாணத் தேதி மறந்தாலும் அது எனக்கு மறக்காது. காலையில கோலம் போட்டதும் போய் ஒரு தடவை பாப்பேன். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு தடவை. விளக்கு வச்சதும் ஒரு தடவை. நடுவுல சந்தேகம் வந்தா ஒரு தடவை. அவ்வளவுதான். கதவைத் திறந்து அந்தப் பொத்தானை ரெண்டு அமுக்கு அமுக்கினா எல்லா லைட்டும் எரியும், டிவி மாதிரி பெட்டி திறக்கும், காத்து அடிக்கும், நம்பர் வரும். நம்பர் சரியா இருந்தா பூட்டிருவேன். நான் ஓட்டுறதே இல்ல தம்பி, எனக்கு ஓட்டவும் தெரியாது. சும்மா பாப்பேன், அம்புட்டுத்தான். பாத்தா தேஞ்சா போகும்?

அவ என்ன செய்யுதா தெரியுமா? அவளும் பாக்கா! நான் பாத்துட்டு வந்து உலையில அரிசி போட்டிருக்க மாட்டேன், அவ படியிறங்கி வாரது கேக்கும். கதவு திறக்குற சத்தம் கேக்கும். நான் எடுத்துட்டுப் போயிருவேன்னு சந்தேகம். யாரு மேல? என் மேல! ஓட்டத் தெரியாதவ மேல! இப்படி ஒரு மனசு இருக்குமா?

இறங்கி வரச் சோம்பலா இருந்தா மேல இருந்தே சாவியை அமுக்குவா. கீ, கீன்னு கத்தும், லைட்டு மின்னும். கார் இருக்கான்னு பாக்காளாம். எங்க போகும், அதுக்கென்ன காலா முளைச்சிருக்கு? அவ அமுக்கினா நான் விடுவேனா? நானும் சன்னல் வழியா அமுக்குவேன். கடைசியாப் பூட்டினது அவளா இருக்கக்கூடாது பாத்துக்கிடுங்க. கடைசியாப் பூட்டினது நானாத்தான் இருக்கணும்.

சாவியா? சாவி இந்தா, இடுப்புல இருக்கு. இதை விட்டு ஒரு நிமிசம் நகர மாட்டேன். குளிக்கும்போது மட்டும் இந்தச் சன்னல் ஆணியில மாட்டுவேன், சுவருக்கு அந்தப் பக்கம்தான் கார், கை நீட்டினா எட்டிரும். அவ சாவியும் நேரா மேல, அவ சன்னல் கம்பியிலதான் தொங்குது. நான் பாத்திருக்கேன்.

என்ன, சாவி பக்கத்துல இருந்தா கார் தூங்காதா? நல்லாருக்கே கதை. என் சாவியால என்ன, அது பாட்டுக்கு இடுப்புல கிடக்கு. அவ சாவியைச் சொல்லுங்க.

மொத தடவை பேட்டரி செத்தப்ப வந்தானே ஒருத்தன், அவன் சொன்னான், வண்டி ஓடாமயே நிக்குது, அதான் இறங்கிப் போச்சு, வாரத்துல ரெண்டு மூணு நாள் அரை மணி நேரம் ஓட்டுங்கன்னு. யாரு ஓட்ட? இவுக ஓட்டினா மேல இருந்து, பெட்ரோலு யார் வீட்டுக் காசுன்னு பேச்சு வரும். அத்தான் ஓட்டினா நான் கேக்காம இருப்பேனா? ஓட்டவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்னு நிறுத்திட்டோம். புதுப் பேட்டரி போட்டுட்டுப் போனான்.

அப்புறம் அத்தான் முன் கண்ணாடியில ஒரு கேமரா வச்சாக. கார் நிக்கும்போதும் அது படம் பிடிக்குமாம். திருடன் வருவானாம். திருடனா? எனக்குத் தெரியாதா யாரைப் பிடிக்க வச்சாகன்னு? நான் விட்டேனா? இவுக வந்ததும் சண்டை போட்டுப் பின் கண்ணாடியில நானும் ஒண்ணு வைக்கச் சொன்னேன். அவுக கேமரா என்னைப் பாக்கும், என் கேமரா அவுக கேமராவைப் பாக்கும். ரெண்டாவது பேட்டரியும் போச்சு. வந்தவன் ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டு, அக்கா, இதுக ரெண்டும் ராத்திரி பகலா கரண்டைக் குடிச்சிருக்குன்னான். குடிச்சிருக்கும். அவுக முன்னாடி வச்சதால வந்த வினை.

கேமராவும் போச்சு. இனி என்ன இருக்கு நம்மைக் காப்பாத்த? கண்ணுதான். அதனால முன்னைக்கு இப்ப கொஞ்சம் அடிக்கடி பாக்க வேண்டியிருக்கு.

இருங்க தம்பி, அந்த நம்பர் இப்ப எவ்வளவுன்னு பாத்துட்டு வந்துருதேன். மீட்டர் நம்பர்தான், கிலோமீட்டர் இல்ல. தொட மாட்டேன், தூர நின்னு பாப்பேன்.

ஏன் கத்துதீங்க? நான் எங்க தொட்டேன்? பக்கத்துல போனதுமே அதுவாத்தான் சைடு கண்ணாடி ரெண்டையும் காது மாதிரி விரிச்சு லைட்டைப் போடுது. எப்பவும் அப்படித்தான். நான் போனா அது என்னைக் கும்பிடுற மாதிரி எழும்பும். ஆரம்பத்துல எனக்கு அவ்ளோ சந்தோசமா இருக்கும், நம்மளை அடையாளம் தெரியுதேன்னு. அப்புறம் ஒருநாள் பாத்தேன், அவ வந்தாலும் அதே மாதிரி காதை விரிச்சுக் கும்பிடுது. வெக்கங்கெட்ட கார்.

சரி சரி, மறுபடியும் மொதல்ல இருந்து தூங்கட்டும். நேரம் இருக்கு. உக்காருங்க. மோரைக் குடிங்க.

அன்னைக்கு நடந்ததைச் சொல்லல பாருங்க. அன்னைக்கு மத்தியானம், நான் சாப்பிட்டுட்டு வழக்கம் போல போய்ப் பாத்தேன். நம்பர் சரியா இருந்துச்சு. ஆனா லைட்டு கொஞ்சம் மங்கலா எரிஞ்ச மாதிரி இருந்துச்சு, வெயில்ல அப்படித் தெரியுதுன்னு நினைச்சு மறுபடி ஒரு தடவை அமுக்கிப் பாத்தேன். பூட்டிட்டு வந்து படுத்தேன். மேல இருந்து அவ இறங்கினா. அதுவும் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அத்தை கூப்பிடுதாக, ஏ செண்பகம், நெஞ்சு என்னமோ செய்யுதுன்னு. போய்ப் பாத்தா வேர்த்து ஊத்துது. சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. கையைப் பிடிச்சா ஐஸா இருக்கு.

நான் கத்தின கத்துல அவளும் ஓடி வந்தா, அத்தானும் சாப்பிட வந்திருந்தாக, அவுகளும் வந்தாக. அத்தையைத் தூக்கிட்டு வந்து காருகிட்ட நிறுத்துதோம், கதவு திறக்கல. அத்தான் சாவியை அமுக்குதாக, பேச்சு மூச்சு இல்ல. நான் என் சாவியை அமுக்குதேன், அதுக்கும் இல்ல. சாவிக்குள்ளயே சொருகியிருக்க சின்னச் சாவியை உருவிக் கதவைத் திறந்து பொத்தானை அமுக்கினா டிக், டிக், டிக்குங்குது, அம்புட்டுத்தான். நீதாண்டி தொட்டேங்கா அவ. நீதான் கடைசியா இறங்கி வந்தேங்கேன் நான். எனக்கு ஆத்திரம் தாங்கல தம்பி, அந்த நேரத்துலயும் அவ என்னையே சொல்லுதா பாருங்க. நாங்க ரெண்டு பேரும் நின்னு கத்திக்கிட்டு இருக்கோம், அத்தை கார் பக்கத்துலயே தரையில உக்காந்துட்டாக.

கடைசியில கடை லோடு ஆட்டோவுலதான் கொண்டு போனோம். அதுல வெல்ல மூட்டை கிடந்துச்சு, இறக்க நேரமில்ல. மூட்டைக்கு நடுவுல அத்தையைச் சாய்ச்சு உக்கார வச்சு, நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டேன், அவ ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டா. வழியெல்லாம் ஈ மொய்க்குது. புஞ்சையை வித்துக் கார் வாங்கின மனுசி தம்பி. நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். அத்தைன்னா எனக்கு உசுரு. பெத்த அம்மாவை நான் சின்னதுலயே இழந்தவ. தாமசமா வந்துட்டீங்க, ஹார்ட்டுல கொஞ்சம் செத்துப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு இருந்து அத்தை சரியாவே பேசுறது இல்ல. காரைப் பாத்தா முகத்தைத் திருப்பிக்கிடுதாக.

இத்தனைக்கும் காரணம் யாருன்னு நீங்களே சொல்லுங்க. இன்னைக்கு மீட்டர் சொல்லிரும்ல? சொல்லட்டும். நாலு பேர் முன்னால சொல்லட்டும்.

என்ன, இறங்கிருச்சா? காட்டுங்க. அப்பாடி. இது சரியான நம்பரா? அப்ப காரு நல்லா இருக்குன்னு அர்த்தமா? வயர்ல கோளாறு இல்லையா, பெட்டியில கோளாறு இல்லையா? யாரும் தொடாம இருந்தா ஒரு மாசம் ஆனாலும் கிளம்புமா? கேட்டுக்கிடுங்க. இதத்தான் நான் ஆரம்பத்துல இருந்து சொல்லுதேன். யாரோ தொடுதாக. யாரு தொடுதாங்கறதை மட்டும் உங்க வாயால சொல்லிட்டீங்கன்னா... ரெண்டு பேருமா? ரெண்டு பேரும்னா? தம்பி, நீங்க இன்னும் அவ காப்பியைக் குடிக்கவே இல்ல, அதுக்குள்ள அவளுக்குப் பேசுதீங்க. நான் பாக்குறது காவலுக்கு. அவ பாக்குறது வேவுக்கு. ரெண்டும் ஒண்ணாகுமா?

அந்தா! கீ கீங்குது, கேட்டுச்சா? லைட்டு மின்னுது! நம்பர் ஏறிருச்சு பாருங்க! மாடியில நிக்கா, சாவியை அமுக்கிட்டு ஒண்ணும் தெரியாதவ மாதிரி துணி காயப்போடுதா. ஏ அக்கா! காரு தூங்குதுன்னு உனக்குத் தெரியாதா? வேணும்னே செய்யுதியா? இரு, பூட்டிருதேன். நான் பூட்டினாத்தான் சரியா இருக்கும். கீ கீ. ஆச்சு. இப்ப எழுதிக்கிடுங்க தம்பி, யாரால ஏறுச்சுன்னு.

இந்தா, அத்தை எந்திரிச்சு வந்துட்டாக. ஏன் அத்தை, நான் கூப்பிட மாட்டேனா? பையை எதுக்குத் தூக்குதீங்க, கீழ வைங்க. டிரைவர் இன்னும் வரல. என்னது? டாக்சியா? யாரு சொன்னா? நீங்களே போன் போட்டீங்களா? நம்ம வாசல்ல நம்ம காரு நிக்கும்போது வாடகைக் கார்ல போனா ஊர் என்னைத்தான் பேசும். இந்தத் தம்பி கிளப்பிக் குடுத்துருவாரு. காருல கோளாறே இல்லையாம்.

ஏன் கையை நீட்டுதீங்க? சாவியா? தாரேன் அத்தை, தர மாட்டேன்னா சொன்னேன்? உங்களுக்கு இல்லாத சாவியா? மேல இருக்கவ முதல்ல தரட்டும். மூத்தவ அவதான? ஏ அக்கா, அத்தை சாவியைக் கேக்காக, கொண்டா! பாத்தீங்களா, உள்ள போயிட்டா. கதவைச் சாத்திட்டா. அவ தந்தா இந்த நிமிசமே நான் தாரேன். நான் மட்டும் குடுத்துட்டு ஏமாந்து நிக்கவா?

கையை மடக்கிட்டாக. சரி, கோவத்துல இருக்காக. தம்பிகிட்ட என்ன சொன்னாக? பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிரச் சொன்னாகளா? அவுக வாங்கின கார், அவுக சொன்னா செய்ய வேண்டியதுதான். கழட்டுங்க. நான் ஏன் தடுக்கப் போறேன்.

வண்டி வந்துருச்சு. பார்த்து ஏறுங்க அத்தை, மெல்ல. டிரைவர் தம்பி, குலுங்காம ஓட்டுங்க, நெஞ்சுவலிக்காரவுக.

கூட யாரு போறதா? நல்லாக் கேட்டீங்க. நானும் அவளும் சேந்து போறதுன்னுதான் பேச்சு. அத்தை நடுவுல, நாங்க ரெண்டு பக்கம். அவ இறங்கி வரட்டும், நான் செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கேன். வந்தாளா? நான் மட்டும் ஏறிப் போயிட்டா இங்க யாரு இருக்கா? நாளைக்கும் வர முடியாது, நாளன்னைக்கும் வர முடியாது. அவ அதுக்காகத்தான் இறங்கி வராம இருக்கா, எனக்குப் புரியாதா? இவுகளுக்குப் போன் போட்டுச் சொல்லிருதேன், தூத்துக்குடியில இருந்து நேரா மதுரைக்குப் போயிருவாக. ராத்திரிக்குள்ள போயிருவாக.

அத்தை, போனதும் போன் போடுங்க! அத்தை!

திரும்பிக்கூடப் பாக்கல தம்பி. கதவை அவுகளே இழுத்துச் சாத்திக்கிட்டாக. அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு ஒத்தையில போறாக பாருங்க. பாவி, அவ ஒருத்தி இறங்கி வந்திருந்தா நானும் ஏறியிருப்பேன்.

கழட்டிட்டீங்களா? இம்புட்டுதானா பேட்டரி? சரி, எடுத்துட்டுப் போங்க. இருங்க, இருங்க, ஒரு சந்தேகம். இது இல்லாட்டி அந்தப் பொத்தானை அமுக்கினா கிலோமீட்டர் வராதா? ஒண்ணுமே எரியாதா? அப்ப அவ எடுத்துட்டுப் போயிட்டு வந்தா எனக்கு எப்படித் தெரியும்? மாட்டுங்க. அத்தை போயாச்சு, அவுகளுக்குத் தெரியவா போகுது. மாட்டுங்க தம்பி, மாட்டுங்க.